அக்கா மகளுக்குத் துணையாகப் பத்தூமிக்கு

செப்டம்பர் 14, 2022, புதன்

ஜார்ஜியா போகிறேன் என்றதும் "அமெரிக்காவா?" என்று கேட்காதவர்கள் யாருமில்லை, லீவு கொடுத்த மேனேஜர் உட்பட. இது கருங்கடல் ஓரத்து ஜார்ஜியா, துருக்கிக்குப் பக்கத்தில் இருப்பது. அக்கா மகள் 12 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் உலகக் கேடட் (சிறுவர்) செஸ் போட்டி ஆடப் போகிறாள். அக்கா கையில் ஆறு மாதக் குழந்தை, மச்சானால் சேலத்தில் தறிப்பட்டறையை விட்டு நகர முடியாது, அப்புறம் கல்யாணம் ஆகாத தாய்மாமன் எதற்கு இருக்கிறேன்? எனக்குச் செஸ்ஸில் யானை நேராகப் போகும், குதிரை திரும்பிப் போகும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. "நீங்க ஆட்டத்தப் பத்தி எதுவும் பேசாம இருந்தாலே போதும் மாமா" என்று விமானத்திலேயே பாப்பா சொல்லிவிட்டாள்.

தலைநகர் திபிலீசியிலிருந்து பத்தூமிக்கு ரயில், ஐந்து மணி நேரத்துக்கு மேல். பெட்டியெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. எதிர் சீட்டு அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பையிலிருந்து ஒரு கொத்து கறுப்புத் திராட்சையை எடுத்து பாப்பா மடியில் வைத்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை.

பத்தூமி ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, மாஹின்ஜௌரி என்ற இடத்தில் கடலை ஒட்டி இருக்கிறது என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கொட்டுகிற மழை. வாசலில் நின்ற டாக்சிக்காரர் 30 லாரி கேட்டார் (ஒரு லாரி நம் பணத்துக்கு 28 ரூபாய் சொச்சம்). செயலியில் பார்த்தால் 7 லாரி. அவரிடம் காட்டினேன், அவரும் எட்டிப் பார்த்தார், "ஆமாம், அது நல்ல விலை" என்பதாகத் தலையாட்டிவிட்டு, அந்த வண்டி வரும்வரை எங்களைத் தன் வண்டி டிக்கிக் கதவுக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நிற்கச் சொன்னார்.

செப்டம்பர் 15, வியாழன்

தங்கியிருப்பது சோவியத் காலத்து அடுக்குமாடி, எட்டாவது மாடி. லிஃப்டில் காசு போட்டால்தான் மேலே ஏறும். சில்லறை இல்லாதவன் படியேற வேண்டியதுதான். நான் ஒருமுறை ஏறினேன், அப்புறம் பை நிறையச் சில்லறை வைத்துக்கொண்டேன்.

அக்கா கட்டாயப்படுத்திக் கொடுத்தனுப்பிய ரைஸ் குக்கருக்கு மூன்று முள் பிளக். இங்கே சுவரில் இரண்டு ஓட்டைதான். எலெக்ட்ரிக் கடையைத் தேடி அடாப்டர் வாங்கி வந்து, சோறு வைத்து, கூடவே தண்ணீர் சுட வைக்கிற கெட்டிலையும் போட்டேன். டப்பென்று வீடு முழுக்க இருட்டு. எங்கள் வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை, பக்கத்து வீடும் சேர்ந்து அணைந்துவிட்டது, அங்கேதான் வீட்டுக்கார அம்மா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் பத்து வார்த்தை, மீதிக்குப் போனில் மொழிபெயர்ப்புச் செயலி. டார்ச்சோடு வந்தவர் என்னைத் திட்டுவதற்கென்றே வாயைத் திறந்தார், மேசைமேல் விரித்து வைத்திருந்த செஸ் போர்டைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

"யார் ஆடுவது?" என்று செயலி கேட்டது. நான் பாப்பாவைக் காட்டினேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபியூஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையாலேயே சைகை. டார்ச் வெளிச்சத்தில் ஒரு ஆட்டம் நடந்தது. உலகப் போட்டி ஆட வந்த எங்கள் பிள்ளை முப்பது நகர்த்தலுக்குள் தோற்றுப்போனாள்.

பிறகுதான் பேச்சு வந்தது. நோனா கப்ரிண்டாஷ்விலி 1962 முதல் 1978 வரை பெண்கள் உலகச் சாம்பியன், அவரைத் தோற்கடித்து 17 வயதில் பட்டத்தை எடுத்தது குடாயிசி ஊர்க்காரி மாயா சிபுர்டானிட்ஸே, 1991 வரை அவர்தான். கிட்டத்தட்ட முப்பது வருடம் பட்டம் இந்தச் சின்ன நாட்டை விட்டு வெளியே போகவில்லை. பெண்களில் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கியதும் நோனாதான். வீட்டுக்கார அம்மா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வகுப்பில் செஸ் ஆடத் தெரியாத பெண் என்றால் அவளுக்குத்தான் ஏதோ குறை என்று நினைப்பார்களாம். அந்த நோனா 80 வயதில், தன்னை ஆண்களோடு ஆடாதவர் என்று தப்பாகச் சொன்ன ஒரு தொலைக்காட்சித் தொடர்மேல் வழக்குப் போட்டு, இந்த மாதம்தான் அது சமரசத்தில் முடிந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது கிழவி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

எந்த ஊர் என்று கேட்டார். சேலம் சொன்னால் எப்படித் தெரியும், சென்னைப் பக்கம் என்றேன். "சென்னை! வெள்ளி!" என்று கத்திவிட்டார். மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் போன மாதம் பெண்கள் பிரிவில் ஜார்ஜியாவுக்கு வெள்ளி, நமக்கு வெண்கலம். அந்த ஜார்ஜிய அணியில் ஆடிய நீனோ பத்சியாஷ்விலி இந்தப் பத்தூமிக்காரர், 2015இல் கத்தாரில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனோடு டிரா செய்தவர். பாப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத்தான் எல்லாமே புதுசு.

செப்டம்பர் 16, வெள்ளி

ஆட்ட அரங்கு வாசல். சின்னச் சின்னக் கழுத்துகளில் பெரிய பெரிய அடையாள அட்டைகள். எட்டு வயசுக்குட்பட்ட பிரிவில் சில பிள்ளைகளுக்குக் கால் தரையைத் தொடவில்லை, மறுபக்கத்துக் காயை எடுக்க முட்டி போட்டு நாற்காலிமேல் ஏறுகிறார்கள். போன், கைக்கடிகாரம் எதுவும் உள்ளே கூடாது. பெற்றோரும் கூடாது. கதவை மூடிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் உண்மையான போட்டி ஆரம்பம், அதாவது வெளியே. நம் ஆட்கள் ஏராளம், ஹிந்தி, தெலுங்கு, மராத்தி, தமிழ் எல்லாம் கேட்கிறது. "உங்க பொண்ணு ரேட்டிங் என்ன?" என்பதுதான் வணக்கத்துக்குப் பதில் (ரேட்டிங் என்பது ஆட்டத் திறமைக்குக் கொடுக்கிற புள்ளி). 1480 என்று சொன்னதும் ஒருவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே, அவர் பெண் எங்கள் பிரிவு.

பாப்பா ஜெயித்து வந்தாள். இரண்டே மணி நேரம்.

செப்டம்பர் 18, ஞாயிறு

சாப்பாட்டைப் பற்றி எழுதியாக வேண்டும். அட்ஜாருலி கச்சாபுரி என்பது இந்த ஊர்ச் சமாச்சாரம்: தோணி வடிவத்தில் ரொட்டி, நடுப் பள்ளத்தில் உருகின சீஸ், அதன்மேல் பச்சையாக ஒரு முட்டை மஞ்சள் கரு, ஒரு துண்டு வெண்ணெய். கொண்டுவந்து வைத்ததும் முள்கரண்டியால் கலக்கி, ஓரத்து ரொட்டியைப் பிய்த்து அதிலேயே முக்கிச் சாப்பிட வேண்டும். 14 லாரி. ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குக் கண் சொருகிவிடும், ஆகவே ஆட்டத்துக்கு முன்னால் பாப்பாவுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அவள் அதை அநியாயம் என்றாள்.

சைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. லோபியோ என்று சிவப்பு பீன்ஸை மசித்து மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்கத் தருகிறார்கள், கூட மக்காச்சோள ரொட்டி, 8 லாரி. வெள்ளரி தக்காளி சாலட்டில் வால்நட் அரைத்துப் போடுகிறார்கள். டீதான் சோதனை. பத்தூமிக்குப் பக்கத்திலேயே சாக்வியில் தேயிலைத் தோட்டம் உண்டு, ஒரு காலத்தில் ரஷ்யா முழுக்க இங்கிருந்து டீ போயிருக்கிறது, ஆனால் பால் ஊற்றச் சொன்னால் காது கேட்காதவர் போல நிற்கிறார்கள். தண்ணீர் என்று நினைத்து வாங்கிய பச்சை பாட்டிலில் இருந்தது போர்ஜோமி ஊற்று நீர், உப்புக் கரிக்கிற சோடா. பாப்பா ஒரு வாய் குடித்துவிட்டு என்னை முறைத்த முறை.

சாயங்காலம் கடற்கரை. மணலே இல்லை, வழுவழுவென்று கூழாங்கல். செருப்பைக் கழற்றினால் நடக்க முடியாது. காதில் பிளாஸ்டிக் வில்லை மாட்டிய தெரு நாய்கள் (ஊசி போட்டதற்கு அடையாளம்) மெல்ல நம் கூடவே வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போகின்றன. ஏழு மணிக்கு ஒரு ஆண் சிலையும் பெண் சிலையும் மெதுவாக நகர்ந்து வந்து ஒன்றினுள் ஒன்று நுழைந்து மறுபக்கம் வெளியேறுகின்றன. எல்லோரும் அதைக் காதலாகப் பார்க்கிறார்கள். பாப்பா, "ரெண்டு பேரும் ஒரே கட்டத்துல நிக்க முடியாதே மாமா" என்றாள்.

செப்டம்பர் 20, செவ்வாய்

இன்றைக்கு எதிராளி ஜார்ஜியப் பெண். யாரோடு யார் என்கிற பேரிங் பட்டியல் முந்தின இரவே வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினோம், பெயரைப் படித்தார், போனில் எதையோ தட்டினார், செயலி சொன்னது: "நாளை மதியம் வரை நான் உங்களுக்குப் பழக்கமில்லை." ஆனால் காலையில் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது, உள்ளே நான்கு அத்திப்பழம்.

மதியம் கதவை மூடினார்கள். முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், அப்புறம் அரை மணி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடுதல். சேர்த்துப் பார்த்தால் ஐந்து மணி நேரம்கூட இழுக்கும். இணையத்தில் நேரலை மேல் பலகைகளுக்கு மட்டும்தான், எங்களுக்குக் கதவுதான் நேரலை. திறக்கும், ஒரு பிள்ளை வரும், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று மணி நேரத்தில் கூட்டம் வடிந்துவிட்டது. ஒரு அப்பா தோற்று வந்த பையனைச் சுவரோரம் நிறுத்தி அடிக்குரலில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். எந்த நாடு என்று எழுத மாட்டேன், நம் நாடு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

என் பக்கத்தில் தட்டைத் தொப்பி போட்ட ஒரு தாத்தா. அவரும் கதவையே பார்த்தார், நானும் கதவையே பார்த்தேன். சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினார். என்னிடம் அக்கா கொடுத்த முறுக்கு இருந்தது, அதை நீட்டினேன். கடித்தார், கல்லு மாதிரி இருந்திருக்கும், பல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு இரண்டாவது எடுத்தார். இவர் அந்தப் பெண்ணின் தாத்தாதான் என்பது நாலாவது மணி நேரத்தில்தான் தெரிந்தது, அவர் கழுத்து அட்டையைத் திருப்பிக் காட்டி, உள்ளே கை காட்டி, "இந்தோயெத்தி?" என்றார், இந்தியாவா என்று. ஆமாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம், விதை மட்டும் வருவது நிற்கவில்லை.

வெளியே மழை வலுத்தபோது இரண்டு பெண்களும் சேர்ந்து வந்தார்கள். யார் ஜெயித்தது என்று முகத்தில் எழுதியிருக்கவில்லை. வாசலிலேயே நின்று, விரலால் காற்றில் கட்டம் போட்டு, "ரூக் பி சிக்ஸ்", "நோ, நோ, கிங் டி ஃபைவ்" என்று தர்க்கம். ஒருத்திக்குத் தமிழ், ஒருத்திக்கு ஜார்ஜிய மொழி, இருவருக்கும் சேர்ந்தாற்போல் அந்த 64 கட்டத்தின் பெயர்கள் தெரியும், அது போதுமானதாக இருந்தது. டிரா.

லோபியோ கடையில் உட்கார்ந்ததும் பாப்பா என் சில்லறையெல்லாம் வாங்கி மேசையில் பரப்பினாள். ஒரு லாரி நாணயம் எதிராளி ராஜா, 50 தெத்ரி (அரை லாரி) அவள் சிப்பாய், உப்புக் குப்பி இவளுடைய யானை, அதாவது ரூக். "எனக்கு ஒரு சிப்பாய் கம்மி மாமா. ரூக்கும் ராஜாவும் மட்டும்தான் மிச்சம். இந்த வரிசையில ரூக்க நிறுத்திட்டா அவ ராஜா உள்ள வர முடியாது. சும்மா இப்படியும் அப்படியும் நகத்திக்கிட்டே இருக்கணும், அவசரப்படவே கூடாது. வேற வழியில்லாம அவ சிப்பாய முன்னாடி தள்ளுவா. தள்ளின உடனே என் ரூக் கடைசிக் கோட்டுக்குப் போயிரும், பின்னாலருந்து செக், செக், செக். சிப்பாய் முன்னாடி போயிட்டதால ராஜாவுக்கு ஒளிய இடமே இல்ல." உப்புக் குப்பி சர்ரென்று என் தட்டு வரைக்கும் வந்து நின்றது. இதற்கு பிலிடோர் நிலை என்று பெயராம், 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர், பிழைப்புக்கு இசையமைத்தவர்.

எழுதிய தாளைக் காட்டினாள். நாற்பதாவது நகர்த்தல் வரை மணிமணியான எழுத்து. அறுபதுக்கு மேல் கோட்டை விட்டு இறங்கிவிட்டது. கடைசி இருபது வரியில் ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசமில்லை, ஓரிடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அதன் கீழே இரண்டு கையெழுத்து, ஜார்ஜியப் பெண்ணுடையது நல்ல அழகு. கடையில் பரிமாறிய பெண் தட்டை வைக்க வந்தவர் நாணயங்களைப் பார்த்து நின்று, தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாணயத்தைக் கலைக்கவில்லை. இந்த ஊரில் இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 21, புதன்

தோல்வி. 24 நகர்த்தல். நேற்றைய அசதி, வேறு காரணம் தேட வேண்டாம். அழுதாள், கச்சாபுரி வாங்கிக் கொடுத்தேன், முழுசாக அவளே சாப்பிட்டாள்.

உக்ரைன் போருக்காக ரஷ்யாவில் ஆள்சேர்ப்பு அறிவித்திருக்கிறார்கள் என்று எல்லாப் போனிலும் ஒரே செய்தி.

செப்டம்பர் 24, சனி

வீட்டுக்கார அம்மாவின் போன் ஓயாமல் அடிக்கிறது. எல்லையில் கிலோமீட்டர் கணக்கில் கார்கள் நிற்கின்றனவாம், வந்து சேருகிற ரஷ்யர்கள் என்ன விலையானாலும் வீடு வேண்டும் என்கிறார்கள். இரண்டு தெரு தள்ளித் தங்கியிருந்த ஆந்திரக் குடும்பத்திடம் வீட்டுக்காரர், மீதி நாளுக்கு இரண்டு மடங்கு கொடு, இல்லை காலி செய் என்று சொல்லிவிட்டார். மாலை ஆட்டம் இருக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த அம்மா காலை முழுக்கப் பெட்டியோடு அலைந்திருக்கிறார். போதாததற்கு ரூபாய் வேறு டாலருக்கு 81ஐத் தாண்டிவிட்டது.

எனக்கும் அடிவயிற்றில் கலக்கம்தான். நானே போய்க் கேட்டேன். கிழவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செயலியில் நீளமாகப் பேசினார்: பேசின வாடகை பேசினதுதான், டீச்சர் வேலை பார்த்தவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அதோடு நிறுத்தாமல் ஆந்திரக் குடும்பத்துக்குத் தன் தங்கை வீட்டில் ஒரு அறையும் பேசிக் கொடுத்தார். ரஷ்யாவில் நடக்க வேண்டிய ஒலிம்பியாட் இந்தப் போரால்தான் மாமல்லபுரத்துக்கு வந்தது, இப்போது அதே போர் பத்தூமியில் செஸ் ஆட வந்த பிள்ளையின் பெட்டியைத் தெருவில் வைக்கிறது. வேறென்ன சொல்ல.

தங்கை வீட்டுக்குப் பெட்டி தூக்கிப் போனதற்குக் கூலியாக எனக்கு ஒரு பாட்டில் ட்கெமாலி கிடைத்தது, புளிப்பு பிளம்ஸில் செய்கிற சாஸ். சோற்றில் ஊற்றி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தோம். புளிக்காய்ச்சல் தீர்ந்து மூன்று நாளாயிற்று, அதனால் நடுநிலையாக விமர்சிக்கத் தெரியவில்லை.

பாப்பா ஜெயித்தாள், மங்கோலியப் பெண்ணோடு. அந்தப் பெண் தோற்ற கையோடு இவளுக்கு ஒரு சாவிக்கொத்து கொடுத்தாள். ஆட்டம் முடிந்த பிள்ளைகள் எல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு போர்டு வைத்து, இங்கே வெட்டின காயை அங்கே கொடுத்து ஆடும் கூத்து ஆட்டம் ஒன்றை ஆடுகிறார்கள், கூச்சல் தாங்க முடியவில்லை. ஆர்பிட்டர் (நடுவர்) ஒருவர் அதட்ட வந்தவர் ஐந்து நிமிடம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து அதட்டினார்.

செப்டம்பர் 27, செவ்வாய்

முடிந்தது. 11 சுற்றுக்கு ஆறரை. பரிசுப் பட்டியலுக்கு வெகு கீழே, ரேட்டிங் கொஞ்சம் ஏறும். எட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் பெங்களூருச் சிறுமி தங்கம் வாங்கியிருக்கிறாள், நம் கூட்டம் போட்ட சத்தத்தில் எனக்கும் தொண்டை கட்டிவிட்டது. தட்டைத் தொப்பித் தாத்தா கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துக் கையைக் குலுக்கினார். பல் நன்றாக இருப்பதாகச் சைகையில் சொன்னார்.

ராத்திரி கணக்கு முடித்தோம். கிழவி நோட்டை விரித்தார். வாடகையில் ஒரு லாரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி வரியில் ரைஸ் குக்கருக்குக் கூடுதல் மின்சாரம், 15 லாரி. பேரம் பேசிப் பார்த்தேன். மீட்டர் எண்ணை முதல் நாளே எழுதி வைத்திருக்கிறார். கொடுத்தேன்.

அப்புறம் அவர் பாப்பாவைப் பார்த்தார், பாப்பா போர்டை எடுத்தாள். விடிகாலை ரயில், பெட்டி கட்டவில்லை, பதினோரு மணிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். என் கண்ணுக்குப் பாப்பா பக்கம்தான் காய் அதிகம். நடுவில் கிழவி கையை நீட்டி டிரா கேட்டார். பாப்பா அரை நிமிடம் யோசித்துத் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. கிழவிக்கு முகம் மலர்ந்துவிட்டது, எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார், எனக்குப் பால் ஊற்றி. ஒரு மணிக்குப் பாப்பா தோற்றாள். தப்பு எந்த நகர்த்தலில் என்று மறுபடி அடுக்கி இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், குக்கர் உள்ளே நுழைய மாட்டேன் என்கிறது.